மதிலோரத்துப் புல்லுருவி

விடியற்பொழுதின் வெளிச்சம் நெடுமதிலின்மேல் ஏறி, இருபுறத்து மாந்தோப்புகளையும் ஒருசேர நனைத்துக்கொண்டிருந்த வேளை அது. இலவங்காய் வெடித்துத் தன் விதையைப் பஞ்சோடு காற்றில் அனுப்பும். காசித்தும்பையின் காய் தொட்டவுடன் சுருண்டு தெறிக்கும். நாயுருவியோ வழிப்போக்கரின் ஆடையைப் பற்றிக்கொண்டு ஊர் கடக்கும். செடிகள் தம் மக்களை வெளியூர் அனுப்பும் அழகே அழகு! ஆனால், அறிவுசால் அன்பரே, புல்லுருவி என்றொரு பாழாய்ப்போன பிறவி உண்டு. அது மண்ணை நாடுவதே இல்லை. அதன் கனியைத் தின்ற சிறுகுருவி, பிசினாய் ஒட்டும் விதையை உதற இயலாமல், அடுத்த மரத்துக் கிளையில் தேய்த்துவிட்டுப் பறந்துபோகும். தேய்த்த இடத்திலேயே அது முளைத்து, பட்டைக்குள் வேரிறக்கி, மரத்தின் சாற்றைக் குடித்துக் கொழுக்கும்.

மதிலுக்கு இப்புறத்துத் தோப்பு தங்கையுடையது. அப்புறத்தது அவள் அண்ணனாகிய பழவணிகருடையது. அண்ணனின் மதிலோர மாமரத்துக் கிளையொன்றில் புல்லுருவி புதராய்ப் படர்ந்து கனிந்து நிற்க, தங்கையின் மரங்களோ ஒவ்வொன்றாய் நுனி கருகிக்கொண்டே வந்தன. அவள் தன் தோப்பில் நோய் கண்ட கிளைகளையெல்லாம் அறுத்தெறிந்தாள். குருவிகள் மறுபடியும் தேய்த்துவிட்டுப் போயின. பிள்ளைகளின் படிப்பும் வீட்டு அடுப்பும் அந்தத் தோப்பையே நம்பியிருந்தன.

அந்தக் கிளையை அறுத்துவிடும்படி பருவந்தோறும் அண்ணனிடம் கெஞ்சினாள். கிளையை அறுத்தால் அதிலுள்ள காய் போய்விடுமாம். ஆகவே ஆளை ஏற்றிப் புல்லுருவியின் இலையை மட்டும் உருவச் சொன்னார் அந்தப் பெருந்தகை! வேர் உள்ளேயிருக்க இலையை உருவி என்ன பயன்? மழைக்குப்பின் அது முன்னினும் அடர்ந்து தழைத்தது. பிறகு குருவிகளே குற்றவாளிகள் என்று முடிவுகட்டி, தகரத்தைத் தட்டி விரட்ட ஆள் வைத்தார். விரட்டினால் அவை எங்கே போகும்? வயிறு நிறையத் தின்ற கனியோடு மதில் தாண்டித் தங்கையின் தோப்புக்குத்தான் போகும். இந்த அறிவுக்கொழுந்தை எங்கே கொண்டுபோய் வைப்பது!

அன்று காலையிலும் தகரம் முழங்கியது. தங்கை காய் பறிக்கும் ஏணியை மதிலில் சாய்த்து, மரமறுக்கும் வாளோடு ஏறி மதில்மேல் நின்றாள். அண்ணன் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏய், கீழ இறங்கு! என்ன பண்றே?"

"கிளையை அறுக்கப் போறேன். நீ அறுப்பே அறுப்பேன்னு காத்திருந்து என் தோப்புல பாதி போச்சு."

"குருவி பண்ற வேலைக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? போய்க் குருவிகிட்ட கேளு."

"குருவிக்குச் சோறு போடுறது உன் மரம். விரட்டிவிடுறது உன் ஆளு. விடியறது மட்டும் என் தலையிலயா? நல்லா இருக்குண்ணா உன் நியாயம்!"

"அதுல எவ்வளவு காய் கிடக்கு தெரியுமா? பழுத்து முடியட்டும், பாத்துக்கலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. பழுக்கிறது உன் காய் மட்டுமில்லண்ணா, அந்தச் சனியனும் சேந்துதான் பழுக்குது."

அண்ணனின் முகம் சிவந்தது. "என் மரத்துல வாளை வச்சே, இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது. அண்ணன் தங்கச்சிங்கிறது இன்னையோட அத்துப்போச்சு!"

கிளையின்மேல் வைத்த வாள் அசையாமல் நின்றது. தாயும் தந்தையும் போனபின் பிறந்தவீடு என்று அவளுக்கு எஞ்சியிருந்தது அந்த ஒரு வாசற்படிதான். கண்கள் நிறைந்து வழிந்தன. அதைக் கண்ட அண்ணன், தாம் வென்றுவிட்டதாக எண்ணி, "இறங்கும்மா, எல்லாம் பேசிக்கலாம்" என்று குழைந்தார். அந்தக் குழைவைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அத்துப்போகட்டும்ணா," என்றாள்.

வாள் பட்டையைக் கடந்து வயிரத்தில் இறங்கிற்று. கிளை முறிந்து, புல்லுருவியும் காய்களுமாக அண்ணனின் காலடியில் விழுந்து சிதறியது. அவர் உடனே குனிந்தார். அடிபடாத காய்களைத் தேடித் தேடிப் பொறுக்கி மடியில் கட்டினார். தங்கை அழுதுகொண்டே ஏணியில் இறங்கியதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

புல்லுருவியை இனி நான் வையமாட்டேன், அன்பரே. தன் விதை தழைக்க அது அறிந்த வழி அவ்வளவுதான். ஆனால் கூடப்பிறந்தவள் பட்டுப்போவதைக் கண்முன்னே கண்டும், காய்க்காகக் காத்திருந்த ஒருவனை என்ன சொல்லி அழைப்பது? தமிழில் உள்ள வசைச்சொற்களையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டேன்; ஒன்றும் போதவில்லை.