மூன்றாம் படியில் இருந்த பெண்

செத்துப்போன பெண் ஒருத்தி வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குள் வந்து, சப்பாத்தை மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த நீலச் சால்வை என்ன விலை என்று ஜெர்மனில் கேட்டாள். எமில் விலை சொல்லவில்லை. கடை நடத்திய காலத்தில் அவர் விலை சொல்லத் தவறியது அதுதான் முதல் தடவை.

டுசல்டோர்ஃபில் ட்ராம் பாதையை ஒட்டிய கடை அது. மெக்சிக்கோ நாட்டுப்புறக் கலைப்பொருட்களும் நெசவுத் துணிகளும் கூரைவரை தொங்கும். சிறகு முளைத்த சிறுத்தை, கொம்பு வைத்த முயல், கிற்றார் வாசிக்கும் எலும்புக்கூடு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். முன்பு ஒரு ஜெர்மன் அம்மா நடத்தினார். அவர் ஓய்வெடுத்தபோது, அங்கே பொதி பிரித்துக்கொண்டிருந்த எமில் கடையை எடுத்துக்கொண்டார். எமில் மன்னாரில் பிறந்தவர். மெக்சிக்கோவுக்கு மிகக் கிட்டவாக அவர் போன இடம் பிராங்க்பர்ட் விமான நிலையத்தின் சரக்குப் பகுதி. ஆனால் அவருடைய மீசையையும் நிறத்தையும் பார்த்த வாடிக்கையாளர்கள் அவர் மெக்சிக்கோக்காரர்தான் என்று தாங்களாகவே முடிவுகட்டினார்கள். அவர்களுடைய மனதை நோகடிக்க எமிலுக்கும் மனம் வரவில்லை. "மரணம் எங்களிடம் வருடா வருடம் சாப்பிட வருகிற விருந்தாளி" என்று அவர் தொடங்கினால், முயல் வாங்க வந்தவர்களுக்குத் திடீரென்று எங்கோ ஒரு டெர்மின், முன்பே குறித்துவைத்த சந்திப்பு, ஞாபகம் வந்துவிடும்.

நவம்பர் வந்தால் அவருக்குத் திருவிழா. இறந்தோர் நாளுக்கு மெக்சிக்கோவில் வைக்கிற படையலைப் போல, வீதியைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் படிப்படியாகக் கட்டுவார். வெட்டுக் காகிதத் தோரணம், சீனி மண்டையோடுகள், மஞ்சள் செவ்வந்தி, மெழுகுதிரி. வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படங்களைக் கொண்டுவந்து படிகளில் வைப்பார்கள். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு விழாவுக்கு நகரசபைக் கலாசாரப் பிரிவு அம்மையாரும் ஒரு பத்திரிகைக்காரரும் வரச் சம்மதித்திருந்தார்கள். எமில் கண்ணாடி முன் நின்று அதற்கான புன்னகையைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்: பல் தெரியாதது, கொஞ்சம் துயரம் கலந்தது.

போன வாரம் வந்த சிவராமன் அந்த விழாவுக்கென்றே செய்து அனுப்பியவர் மாதிரி இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் நிறுவனமொன்றில் பெரிய பதவி. சட்டமிட்ட படத்தை இரண்டு கையாலும் ஏந்திவந்து, "என் மனைவி நிருபமா, சார். மார்ச்ல இறந்துட்டா. கேன்சர்," என்றார். எமில் தன் சொற்பொழிவைத் தொடங்கினார். சிவராமன் அதைக் கடைசிவரை கேட்டார். அப்படிக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அந்த நன்றியில் எமில் படத்தை மூன்றாம் படியின் நடுவில் வைத்து, ஊர் வழக்கப்படி மாலையும் போட்டார். தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில் அவளுடைய ஆன்ம இளைப்பாற்றிக்கு மன்றாட்டுக் கொடுத்தார். விழாவில் சில வார்த்தை பேசவும் அழைத்தார். "எனக்கு அதுக்குத் தைரியம் இருக்கான்னு தெரியலை சார்," என்று குரல் தழுதழுத்த சிவராமன், அடுத்த மூச்சில் மைக் உண்டா என்று விசாரித்தார்.

எமிலின் மனைவி பிறேமாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "பெண்சாதியைச் சாகக் குடுத்த மனுசன், போட்ட சேட்டு மடிப்புக் கலையாமல் வருமோ?"

"அவையள் படிச்ச ஆக்கள், பிறேமா. துக்கத்தையும் மடிச்சுத்தான் வைச்சிருப்பினம்."

இப்போது அந்த நிருபமா நீலச் சால்வையைத் தோளில் போட்டு, கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் இடது புருவத்தை வெட்டியிருந்த தழும்பு முகத்திலும் அப்படியே இருந்தது. மழைக்குத் தலை குனிந்து ஓடிவந்தவள் ஜன்னலைக் கவனித்திருக்கவில்லை. கடைக்குள்ளிருந்து பார்த்தால் சட்டங்களின் முதுகுதான் தெரியும்.

பின்னாலிருந்த பொருளறையிலிருந்து பிறேமா குரல் கொடுத்தாள். "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது!"

"ஐயோ, நீங்க தமிழா?" நிருபமா சிரித்துவிட்டாள். "நான் மெக்சிகன்னே நெனச்சுட்டேன்ணா. அவரோட கோட் பாக்கெட்ல உங்க கடை கார்டு இருந்துச்சு. எனக்கு ஏதோ சர்ப்ரைஸ் வாங்கப் போறார்னு நானே வேவு பார்க்க வந்தேன். சொல்லிடாதீங்க!"

எமில் தலையை ஆட்டினார்.

"நாளைக்குக் காலையில ஆல்ப்ஸ் போறோம். ஆளே இல்லாத இடத்துல மரவீடு எடுத்திருக்கார். இத்தனை வருஷத்துல வெளிய கூட்டிட்டுப் போறது இதான் முதல் தடவை. ஃபோனைக்கூட வீட்டுலயே வச்சுட்டு வரணுமாம்."

"எப்ப திரும்புவியள், பிள்ளை?"

"ஞாயித்துக்கிழமை மதியம் வந்துடுவோம். சாயங்காலம் அவருக்கு எங்கயோ ஸ்பீச் இருக்காம்."

எமில் அவசரமாக வேறு காரணங்களைத் தேடினார். இவள் இரட்டையாய்ப் பிறந்தவளாக இருக்கலாம். மனுசனுக்குப் புத்தி பேதலித்திருக்கலாம். பொலிசுக்குச் சொன்னால் கலாசார அம்மையார் என்ன நினைப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, பொட்டும் தாலியுமாக நிற்கிற பெண்ணின் முகத்துக்கு நேரே, உன் படத்துக்கு நான் என் கையால் மாலை போட்டேன் என்று எப்படிச் சொல்வது? அச்சானியமான சொல் வாயில் வந்தாலே சிலுவை போடுகிற வீட்டில் வளர்ந்தவர் அவர். கடைசியில் அந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: "உங்களுக்கெண்டபடியால் பத்து வீதம் குறைச்சுத் தாறன்."

தேத்தண்ணியோடு வந்த பிறேமா அந்த முகத்தைக் கண்டு அப்படியே நின்றாள். கோப்பை சரிந்து விரலைச் சுட்டதையும் கவனிக்கவில்லை.

"சொல்லுங்கோ," என்றாள் புருசனிடம்.

"என்னத்தை?"

"நாள் முழுக்கக் கதைக்கிற மனுசன்தானே? இப்ப கதையுங்கோ."

எமில் ஜன்னலுக்குப் போய், கையை நீட்டி, படத்தை மாலையோடு எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இது எங்க கல்யாண ஆல்பத்துல..." என்று தொடங்கியவளின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. கண்களிலிருந்து மட்டும் அது போய்விட்டது. "மாலை எதுக்குண்ணா?"

"மார்ச் மாசம் நீங்கள் மோசம்போயிட்டியள் எண்டு சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றித்தான் இஞ்ச பேசப்போறார்."

அவள் படத்திலிருந்த தன் முகத்தைப் பார்த்தாள். "மார்ச்லேர்ந்துதான்," என்றாள் மெதுவாக, "என்னை அவரோட ஃபிரண்ட்ஸ் யாரையும் பார்க்க விடுறதில்லை."

கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, பட்டென்று அணைத்தாள். "அவர்தான். நான் எங்க இருக்கேன்னு இதுல பார்த்துடுவார்."

வெளியே ஒரு சாம்பல் நிறக் கார் பாதி நடைபாதையில் ஏறி நின்றது. பிறேமா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பொருளறை வாசலில் தொங்கிய துணிக்குப் பின்னால் போனாள். எமில் படத்தை ஓடிப்போய் அதன் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப, கதவு திறந்தது.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன், எமில் சார்," என்றார் சிவராமன். கண்கள் கடை முழுவதையும் ஒருமுறை துழாவின. "வேற... யாரும் கஸ்டமர் இல்லையா?"

செத்த மனைவி இங்கே வந்தாளா என்று அவரால் கேட்க முடியாது. வரவில்லை என்று எமிலாலும் சொல்ல முடியாது. இருவரும் மிக மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

துணிக்குப் பின்னால் பிறேமா தாழ்ந்த குரலில் தொலைபேசியில் யாருக்கோ ஜெர்மனில் கடை விலாசம் சொல்வது எமிலுக்குக் கேட்டது. ஆகவே அவர் குரலை உயர்த்தினார். "வந்ததும் நல்லதாப் போச்சு! அண்டைக்கு உங்களுக்கு ஒரு விசயம் சொல்லாமல் விட்டிட்டன். மரணம் எண்டது, சிவராமன்..." அலமாரியிலிருந்து கொம்பு முயலை எடுத்தார், அதைச் செதுக்கிய கிராமத்தைப் பற்றிச் சொன்னார், அந்தக் கிராமத்தின் மரத்தைப் பற்றியும், மரத்தை வெட்டும் நாளைப் பற்றியும் சொன்னார். பாதி அப்போதுதான் உருவாக்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்கிறவர் போய்விடக்கூடாது என்று பேசினார். வியர்வை மீசையில் இறங்கியது.

சிவராமன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆனால் இன்றைக்கு அவர் கேட்கவில்லை. பார்வை எமிலின் தோளைத் தாண்டி, பொருளறை வாசலில் போய் நின்றது. அங்கே அந்தப் பெரிய வெள்ளைத் துணி தொங்கியது. காற்று வர அங்கே வழியில்லை. அதில் சிவப்பு நூலால் தைத்திருந்த பறவைகள், யாரோ மூச்சை அடக்கப் பார்ப்பதுபோல, மெல்ல எழுந்து, மெல்லத் தாழ்ந்தன.