அத்தைக்குத் தெரியக் கூடாது

அத்தை வருகிறாள் என்று போன் வந்ததிலிருந்து அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. எனக்கு விவாகரத்து ஆகி ஓராண்டாகிறது. ஆனால் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை என் கணவர் வெளியூரில் இருக்கிறார். நல்ல வேலை, கை நிறையச் சம்பளம், லீவுதான் கிடைப்பதில்லை. எல்லாம் அம்மா கட்டிவிட்ட கதை. என்னோடு குடும்பம் நடத்தியபோது அந்த மனிதருக்கு இவ்வளவு நல்ல வேலை இருந்ததில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. வாய் நீளம். புருஷனை விட்டு வந்த பெண் இருக்கும் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அப்பா போன பிறகு அந்தப் பக்கத்தில் மிஞ்சிய உறவு அவள் ஒருத்திதான். அவளும் முறித்துக்கொண்டால் என் தங்கையின் கல்யாணத்தை யார் முன்னால் நின்று நடத்துவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான் என்பதில் இன்னும் எரிச்சல்.

அம்மா கல்யாண போட்டோவைத் தேடியெடுத்துச் சுவரில் மாட்டினாள். நான் கழற்றினேன். மறுபடி மாட்டினாள். அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

அத்தை உட்காருவதற்குள் அம்மா, கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் ஒரே குளிராம், அடுத்த மாதம் வந்தாலும் வருவாராம். பேசிக்கொண்டே டீயை நீட்டினாள்.

"விடு. எனக்கு எல்லாம் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்" என்றாள் அத்தை.

அத்தை டீயை வாங்கிக் குடித்துவிட்டு, என்னிடம் தன் மகளைப் பற்றிப் பேசினாள். அடி தாங்காமல் வந்தவளை, அனுசரித்துப் போ என்று அத்தையே திரும்பக் கொண்டுபோய் விட்டது எங்களுக்கும் தெரியும். அன்றைக்கு அத்தையை மெச்சாதவர்கள் இல்லை. இப்போது அத்தையின் பக்கத்து வீட்டுப் பெண் புருஷனை விட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம். தெருவில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். தன்னை எல்லோரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டதுபோல அதைச் சொன்னாள்.

"நீ வந்தப்ப உங்கம்மா கதவைத் திறந்தா. நான் திறக்கல. இப்பக் கூப்பிட்டா வருவாளாடி?"

மகளின் எண்ணைக் கேட்டேன்; மனப்பாடமாகச் சொன்னாள். அத்தையின் போனிலேயே அழுத்திக் கையில் கொடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தச் சொன்னாள்.

இந்தத் தடவை மகள் எடுத்தாள். அத்தை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருங்க?" என்றாள் மகள்.