வாயைத் திறக்காத திலாப்பியா

கண்ணுகளா, கிட்டே வந்து உட்காருங்கள். பட்டினி கிடந்தும் பசிக்காத ஒரு மீனின் கதை என்னிடம் இருக்கிறது. நடந்தது நம் லகாட் ஊரில்தான்.

மங்களம் முன்பு ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஆயா. பெற்றோர் பால்வெட்டப் போனதும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டுவாள். எந்தப் பிள்ளையாவது முரண்டு பிடித்தால், இரண்டு கன்னத்தையும் அழுத்தி, வாய் திறந்ததும் ஒரு கவளத்தை உள்ளே தள்ளிவிடுவாள். தோட்டம் வீட்டுமனையான பிறகு லகாட்டுக்கு வந்து, பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்த்தாள். ஊட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா?

அதில் ஒரு சிவப்பு மீன்மேல் அவளுக்கு உயிர். சிவத்தி என்று பெயர் வைத்திருந்தாள். விரலைக் கண்டாலே ஓடிவருகிற சிவத்தி, ஒரு நாள் மூலையில் ஒதுங்கியது. தாடை உப்பி, வாய் இறுகிக் கிடந்தது. தீனியை மாற்றிப் பார்த்தாள், ரொட்டி போட்டாள், மண்புழு போட்டாள். சிவத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே வந்தது.

"புரட்டாசி லா," என்றார் அவள் கணவர் தர்மா. "நீ மீன் சாப்பிடல, மீனு உன் தீனிய சாப்பிடல. சரியாப் போச்சு."

மங்களத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் செத்துவிடும் என்று பயந்தாள். தீனியைச் சோற்றோடு பிசைந்தாள். சிவத்தியை வலையில் அள்ளி, பழைய பழக்கத்தில் கன்னத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

அந்த நேரம் பாத்திரம் திருப்பித் தர வந்தாள் பக்கத்து வீட்டு அனுஜா. மீன் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை செய்பவள்.

"விடுங்கோ அக்கா. இந்த மீனு முட்டைய வாயிலயே வச்சுத்தான் அடைகாக்கும். அழுத்தினா எல்லாம் கொட்டிடும்."

மங்களம் விரலை எடுத்துவிட்டு, மெதுவாக வலையைத் தண்ணீரில் இறக்கினாள். "பசியோட கிடக்காளேன்னுதான்மா..."

"பசியே இல்லையக்கா. பசியைத் தூண்டுறதும் அடக்குறதும் ஹார்மோன்தான். குஞ்சு வெளிய போற வரைக்கும் உடம்பே பசியை அடக்கி வச்சிருக்கும்."

பசித்தால் தீனியோடு முட்டையும் வயிற்றுக்குள் போய்விடாதா என்று அனுஜா கேட்டாள். மங்களத்துக்கு அது புரிந்தது.

மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, சிவத்தியைத் தனியே விட்டாள். ஊட்டாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய விரதமாக இருந்தது. ஒரு காலையில் சிவத்தியின் வாயிலிருந்து தூசி பறப்பதுபோல் குஞ்சுகள் வந்தன. மங்களத்தின் நிழல் பட்டதும் திரும்ப வாய்க்குள் ஓடின. அவை முழுதாகப் பிரிந்து போன பின்பு, சிவத்தி பாய்ந்து வந்து தீனியோடு அவள் விரலையும் கவ்வியது.

"அவளுக்குப் பசி வந்திருச்சுங்க."

"எனக்கும்தான்," என்றார் தர்மா உள்ளேயிருந்து.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் பசித்தவருக்கு எப்போதும் சூடான சோறு இருக்கட்டும். பசிக்காதவரைப் பக்கத்தில் இருந்து காக்கிற பொறுமையும் இருக்கட்டும். வீடு நிறையக் குஞ்சு குளுவான்களோடு நல்லா இருங்கள்.