சுடர் பச்சையாக எரிந்தது

கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. மாணவர்கள் அதற்குள் வரக் கூடாது. அங்கேதான் அவளுக்கு வேலை. கரைசல் கலக்குவது, விரிசல் விட்ட பியூரெட் குழாய்க்கு மாற்று தேடுவது, கழிவு ஜாடிகளுக்குப் பெயர் ஒட்டுவது, யாரோ வடிதாளைப் போட்டு அடைத்துவிட்ட கழுவுதொட்டியைக் குத்திவிடுவது எல்லாம் அவள் தலையில்தான். மாணவர்களுக்கு அவள் அக்கா. துறைத்தலைவி மேடத்துக்கு அவள் "ஏம்மா". குட்டிக்கு மட்டும் அத்தை.

குட்டி அவளுடைய அண்ணன் மகள். அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள்.

மறுநாள் செய்முறைத் தேர்வு. அவள் உப்புகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குழாய், அதில் வெள்ளையாகக் கொஞ்சம் உப்பு, மேலே இருக்கை எண் மட்டும். அது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எந்தக் குழாயில் எது என்பது மேடத்துக்கும் அவளுக்கும், அவளோடு வேலை பார்க்கும் மூத்தவருக்கும் மட்டுமே தெரியும். நாள் முழுக்கத் தேநீர் போட்டுக்கொண்டே இருப்பதால் அந்த மூத்தவருக்குக் கெட்டில்காரர் என்று பெயர்.

குட்டியின் எண்ணை ஒட்டும்போது அவள் கை நின்றது. கால்சியம் குளோரைடு. தெரிந்துகொண்டதே பாவம்போல அவசரமாக அடுத்த குழாயை எடுத்தாள். அதற்குமேல் மனம் வேலையில் ஒட்டவில்லை. குழாய்கள் இருந்த தட்டை அலமாரியில் தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அண்ணன் அவளுக்காகவே காத்திருந்தார். ஒரு வாரமாக இதே பேச்சுதான்.

"என்ன, குட்டிக்கு எந்த உப்புன்னு பாத்தியா?"

"அண்ணா, அது தப்பு. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"எப்படித் தெரியும்? நீ சொல்லப்போறியா, நான் சொல்லப்போறேனா? அவனவன் ஆள் வெச்சுக் காரியம் சாதிச்சுக்கிறான். இந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா? உள்ள இருக்கறது நீ ஒருத்திதான்."

அண்ணி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நீ இங்க வந்து இறங்கினப்போ யாரு வீட்டுக் கதவைத் தட்டினே? நான் ஒண்ணும் சொல்லிக் காட்டல. சும்மா ஞாபகம் வந்துச்சு."

அது உண்மைதான். வேலை கிடைக்கும்வரை சோறு போட்டவர்கள். இப்போதும் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் அவளுக்குப் படுக்கை.

குட்டி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பா, நானே பண்ணிடுவேன்பா. இந்த வருஷம் எனக்கு நல்லா வருது."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னே. கை நடுங்கிக் குழாயை ஒடச்சிட்டு வந்து நின்னே. இந்தத் தடவையும் கோட்டை விட்டா கட்டணச் சலுகை போயிடும். அப்புறம் படிப்பை மறந்துடு. என் கூடக் கடைக்கு வந்து பொட்டலம் கட்டு."

குட்டி மறுபடி குனிந்துகொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் குட்டி துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவள் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உனக்குக் கால்சியம். சுடர் செங்கல் சிவப்பா வரும். யோசிக்காம எழுதிடு," என்றாள்.

குட்டி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "சரி அத்தை," என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. அத்தை அதைக் கவனிக்கவும் இல்லை. தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் எரிவாயுக் குழாய் ஒன்று கசிகிறது என்று அவளை வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதைச் சரிசெய்துவிட்டு அவள் பின்னறைக்கு வந்து சேர்வதற்குள் தேர்வு தொடங்கியிருந்தது. கெட்டில்காரர் காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கடைசி வரிசைக்கு மூடியே போடாம போயிட்டியே. கால்சியம் எல்லாம் ஈரத்தை இழுத்துக் கூழாப் போச்சு. பரீட்சை எழுதற பசங்களைவிட உப்புக்குத்தான் ஜாஸ்தி வேர்த்திருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது, கொட்டிட்டு பேரியம் குளோரைடு போட்டேன். மேடம்கிட்டயும் சொல்லிட்டேன். நீ ஏன் இப்படி வெளிறிப்போய் நிக்கறே? தேநீர் வேணுமா?"

பின்னறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் அருகே போய் நின்றாள்.

குட்டி தன் இடத்தில் நின்று கம்பியை அமிலத்தில் நனைத்து, உப்பில் தொட்டு, சுடரில் காட்டினாள். சுடர் இளம்பச்சையாக எரிந்தது. குட்டி கம்பியைக் கழுவித் துடைத்து மறுபடியும் காட்டினாள். மறுபடியும் பச்சை. கரைசலில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குழாயில் வெள்ளையாக மேகம் திரண்டது. பேரியத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அவள் கையில் நடுக்கமே இல்லை என்பதை அத்தை அப்போதுதான் பார்த்தாள். எத்தனை சுத்தமாக, எத்தனை பொறுமையாகச் செய்கிறாள்.

எழுது, கண்ணால பாத்ததை எழுது என்று அத்தை உள்ளுக்குள் கெஞ்சினாள்.

குட்டி பேனாவை எடுத்தாள். எழுதாமல் தலையைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. நான் சொன்னது இல்லை என்று அத்தை லேசாகத் தலையசைத்திருந்தால் போதும். ஆனால் மேடம் குட்டிக்குப் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தார். அத்தை கல்லாய் நின்றாள். அந்த அசையாத முகத்தை ஆமாம் என்று குட்டி எடுத்துக்கொண்டாள். குனிந்து எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் மேடம் குட்டியின் தாளைப் படித்தார். பின்னறையில் நின்றவளுக்கு எல்லாமே கேட்டது.

"சுடர் என்ன நிறத்துல வந்துச்சு?"

"செங்கல் சிவப்பு, மேடம்."

மேடம் குட்டியின் குழாயிலிருந்து உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினார். "இப்ப?"

குட்டியின் கண் பச்சைச் சுடரிலேயே நின்றது.

"உப்பைத் தப்பாக் கண்டுபிடிச்சிருந்தா மார்க் கொறையும், அவ்வளவுதான். நீ பாக்காத ஒண்ணைப் பாத்தேன்னு எழுதியிருக்கே. முதல்ல அந்தக் குழாய்ல கால்சியம்தான் இருந்துச்சு. அது வெளிய யாருக்கும் தெரியாது. உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல, மேடம்."

"சாயந்தரம் வரைக்கும் யோசி. அப்பவும் இதையே சொன்னா விசாரணைக் குழுவுக்கு எழுதிடுவேன். அங்க போனா உன் பேரைக் கல்லூரியிலிருந்தே எடுத்துடுவாங்க."

குட்டி வெளியே வந்து பின்னறைக் கதவருகே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அத்தைக்கு.

"நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன் அத்தை. பயப்படாதீங்க."

"குட்டி, பச்சை வந்துச்சே. நீ பாத்தியே."

"பாத்தேன். மறுபடி மறுபடி பாத்தேன். நீங்க சிவப்புன்னு சொல்லியிருந்தீங்க. அப்போ என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் வராதுன்னுதானே வீட்ல எல்லாரும் சொல்றீங்க."

ஒரு வாரம் வீட்டில் அத்தனை பேச்சு நடந்ததே, உனக்கு எதெல்லாம் வரும் என்று இந்தப் பெண்ணை ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதே கல்லூரியில் வேலை செய்யும் இவளும் கேட்கவில்லை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் மேடத்தின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"நான்தான் சொன்னேன், மேடம். அவ கேக்கல. நானாப் போய்ச் சொன்னேன்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எத்தனை வருஷமா உன்னை நம்பி அந்த அறைச் சாவியைக் குடுத்திருக்கேன்."

"தெரியும், மேடம்."

"நாளைக்கு இவங்கதான் போய் குடிக்கற தண்ணியைச் சோதிப்பாங்க, மருந்தைச் சோதிப்பாங்க. அங்க இப்படிக் கண்ணுல பட்டதை விட்டுட்டு யாரோ சொன்னதை எழுதினா என்னாகும்னு யோசிச்சியா?"

மேடம் மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணும் தப்புதான் செஞ்சிருக்கா. இன்னைக்கு எழுதினது செல்லாது. அடுத்த வாரம் விடுபட்டவங்களோட மறுபடி எழுதட்டும். எவ்வளவு நல்லா எழுதினாலும் தேர்ச்சி மார்க் மட்டும்தான். உன் விஷயத்தை நான் மேல சொல்லியாகணும். அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும். வேலை இருக்குமான்னு கேக்காத, எனக்கே தெரியாது."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் குதியாய்க் குதித்தார். "நீயே போய்ச் சொன்னியா? உனக்கென்ன பைத்தியமா? குட்டிதான் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லிடுச்சே."

"திறக்காம இருந்திருந்தா அவ பேரை எடுத்திருப்பாங்க அண்ணா."

"இப்ப உன் வேலை போச்சு." அண்ணி சலித்துக்கொண்டாள். "மாசம் பொறந்தா என்ன பண்றதாம்?"

அண்ணன் குரலை இறக்கினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த வாரத்துக்கு அந்தக் கெட்டில்காரரைப் பிடிச்சு..."

"அப்பா." குட்டிதான். அவள் குரல் உயரவே இல்லை. "எந்த உப்பு வந்தாலும் எனக்குச் சொல்ல வேணாம்."

"மறுபடி கோட்டை விட்டா?"

"விட்டா அது நான் விட்டதா இருக்கட்டும்."

அண்ணன் ஆதரவுக்குத் தங்கையைப் பார்த்தார். அவள் குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணா, பிள்ளைக்கு உதவி பண்றோம்னுதான் நாம நெனச்சோம். நான் அவளுக்கு விடையைக் குடுக்கல, அவ கண்ணு மேல அவளுக்கு இருந்த நம்பிக்கையைப் பிடுங்கிட்டேன். குறுக்கு வழியில நாம பிள்ளைங்களுக்கு எதை வாங்கிக் குடுத்தாலும், உன்னால முடியாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வாங்கிக் குடுக்கறோம். அது இனிமே இந்த வீட்ல வேணாம்."