கட் சொல்லும் குரல்

ஹாலிஎலவுக்கு மேலே ஏழாம் நம்பர் தேயிலை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஸரூக்கின் ஸ்டூடியோவில் இரவல் வாங்கிய கல்யாண வீடியோ கமராவைத் துஷாந்தினி துப்பட்டாவால் துடைத்தாள். அவளும் தம்பி லோகேஸும் சேர்ந்து எடுக்கும் மூன்றாவது படம். இன்னும் ஒரே ஒரு காட்சிதான். முடிந்ததும் லோகேஸ் ஸ்டேஷனில் சாயங்காலக் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போகிறான். டெலிவிஷன் கம்பனியில் உதவி இயக்குநர் வேலை. ஓர் ஆளுக்குத்தான் இடம்.

“போகலேன்னு சொல்லிறவாக்கா?”

“வாய மூடிக்கிட்டு பனியப் பாரு. கலைஞ்சிட்டா திரும்ப யாரு கொண்டாருவா?”

“ஸ்டார்ட்” அவள் சொல்வாள், “கட்” அவன் சொல்வான். முதல் படத்தில் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தி, நடித்தவர்கள் கோபித்துக்கொண்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இதுதான் சட்டம்.

கதாநாயகி எப்போதும் பெரியாயிதான். கொழுந்துக் கூடையோடு அவள் பனிக்குள் நடந்து மறைய வேண்டும்.

“எதுவரைக்கும் நடக்கணும்?”

“தம்பி கட் சொல்ற வரைக்கும்.”

“மறந்துட்டான்னா பண்டாரவளைக்கே போயிருவேன், பாத்துக்க!”

“ஸ்டார்ட்!”

பெரியாயி நடந்தாள். முதலில் கால்கள் கரைந்தன. பிறகு சேலை. கூடை மட்டும் தேயிலைக்கு மேலே தனியாக மிதந்து போயிற்று. பிறகு அதுவும் இல்லை. கமராவுக்குள் வெறும் வெள்ளை. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் மட்டும் தூரமாகிக்கொண்டே போனது.

லோகேஸ் வாயைத் திறக்கவில்லை.

“சொல்லுடா.”

“சொன்னா முடிஞ்சிருமேக்கா.”

“முடிக்கத்தானே எடுத்தோம்?”

“நான் போயிட்டா ஒனக்கு யாரு சொல்லுவா?”

துஷாந்தினி அவனையே பார்த்தாள். பிறகு வெள்ளையைப் பார்த்து, சட்டத்தை முதல் தடவையாக மீறிக் கத்தினாள்.

“கட்!”

செருப்புச் சத்தம் நிற்கவில்லை. பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அது தம்பி கொரல் இல்லையே! நான் நிக்கமாட்டேன்!”

இருவரும் சிரித்ததில் கமரா ஆடியது. லோகேஸ் இரு கைகளையும் வாயருகே குவித்தான்.

“பெரியாயிக்கா! இனிமே அக்கா சொன்னாத்தான் நிக்கணும்!”

“நெசமாவா?”

“நெசமாத்தான்!”

“அப்ப இன்னொருக்கா சொல்லச் சொல்லு!”

அவன் கமராவைவிட்டு ஓரடி தள்ளி நின்றான். துஷாந்தினி சொன்னாள், இந்த முறை கத்தாமல்.

பனிக்குள் செருப்புச் சத்தம் நின்றது.