'நான்' எடுத்த படங்கள்

ஸ்டூடியோவில் கேமரா இரண்டு. ஆனால் ஊருக்குத் தெரிந்த போட்டோக்காரர் ஒருவர்தான். கல்யாணங்களில் கணவன் மேடைக்கு எதிரே நின்று எடுப்பான். மனைவி கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு எடுப்பாள். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் எந்தப் படத்தில் சொக்கிப்போனாலும், சாருடைய கைவாகு அப்படி என்று அவனைத்தான் புகழ்வார்கள். அவனும் மறுத்ததில்லை. அவனைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. எது யார் எடுத்தது என்று அவனுக்கே தெரியாது. மாமியாரோ, மருமகளும் கூடமாட ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்பார்.

குழப்பத்துக்கெல்லாம் காரணம் படங்களின் பெயர். இரண்டும் ஒரே மாதிரிக் கேமராக்கள். எடுக்கிற படங்களுக்கு இரண்டுமே ஒன்று, இரண்டு என்று ஒரே எண்களைத்தான் பெயராக வைக்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் தங்கும்? ஒரு கல்யாணம் முடிந்து, இரண்டு கார்டுகளில் இருந்ததையும் கணவன் ஒரே ஃபோல்டரில் ஏற்றினான். இந்தப் பெயரில் ஏற்கெனவே படம் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று மென்பொருள் கேட்டது. போனில் யாரோடோ பேசிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று அழுத்திவிட்டான். அவள் படங்கள் பூண்டோடு போயின.

நல்லவேளை, கார்டை அவள் அழித்திருக்கவில்லை. மறுபடி ஏற்றிவிட்டாள். மனம்தான் ஆறவில்லை.

"என் படத்து மேல உங்க படம் ஏறி உக்காந்திருக்குங்க. இனிமே பேரு வெக்கிறது என் பொறுப்பு" என்றாள். அவன் தாராளமாகத் தலையாட்டினான்.

அடுத்த கல்யாணத்துப் படங்களோடு ஆசை ஆசையாக உட்கார்ந்தாள். 'பெண் வீட்டார் வருகை: மாமா/அத்தை' என்று அடித்தாள். முக்காற்புள்ளி ஆகாது என்றது மென்பொருள். எடுத்தாள். சாய்கோடும் ஆகாது என்றது. யாரென்றே தெரியாத ஒரு பெரியவரின் படத்துக்குக் கேள்விக்குறி போட்டுப் பார்த்தாள். அதற்கும் மூக்கைச் சுளித்தது. குறியே வேண்டாமென்று 'மணமகளின் பெரியப்பாவுடைய சின்ன மச்சினர் குடும்பத்தோடு' என்று நீட்டி முழக்கினால், பெயர் நீளம் என்று திருப்பி அனுப்பியது. சம்பந்தி வீட்டார்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் வழி பிறந்தது. தேதி, ஒரு சிறு கோடு, நான்கு இலக்கத்தில் எண். ஒன்றுக்கு முன்னால் பூஜ்யங்களைப் போடாவிட்டால் வரிசையில் அதற்கு அடுத்துப் பத்து வந்து நிற்கும், இரண்டு எங்கோ பின்னால் போய்விடும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு சொல். கணவன் எடுத்தவை 'அவர்', அவள் எடுத்தவை 'நான்'. இந்தத் தடவை மென்பொருள் வாயைத் திறக்கவில்லை.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க மணப்பெண்ணும் அவளுடைய சித்தியும் வந்தார்கள். அவர்கள் கைகாட்டுகிற படத்தின் பெயரைக் கணவன் உரக்க வாசிப்பான். பக்கத்து மேஜையில் மனைவி அதை ஆல்பத்தில் சேர்ப்பாள்.

முதலில் மேடைப் படம் ஒன்று. "அவர், நாப்பத்தொண்ணு" என்றான். அடுத்து மணப்பெண் பட்டென்று திரையைத் தொட்டாள். அவளுடைய அப்பா தூணோரமாகத் திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற படம். "நான், நூத்திப் பன்னண்டு." செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற தம்பி. "நான்." நாற்காலி வரிசைக்குப் பின்னால் சித்தி வாய்விட்டுச் சிரிக்கிற படம். "நான்." இடையிடையே ஓர் 'அவர்' தலைகாட்டியது. மற்றபடி நான், நான், நான்தான். வாசிக்க வாசிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

சித்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இதெல்லாம் நீங்க எடுத்ததா தம்பி? அந்தப் பக்கம் உங்களை நான் பாக்கவே இல்லியே."

மௌஸ் மேலிருந்த கை நின்றது. ஆமாம் என்றால் அதோடு முடிந்துபோகும். மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லீங்க" என்றான். "பேருதான் 'நான்'. எடுத்தது அவ."

சித்தி நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். மணப்பெண் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழவே இல்லன்னு அப்பா இன்னும் சாதிக்கிறாருக்கா. நீங்கதான் கையும் களவுமா பிடிச்சிட்டீங்க."

மனைவியின் நெஞ்சுக்குள் பொங்கியது சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சித்தி, தன் மகனுக்கும் கல்யாணம் வருகிறது, மேடைக்கு முன்னால் உங்கள் மனைவிதான் நிற்க வேண்டும் என்று கணவனிடமே சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கல்யாணத்தில் மேடைக்கு எதிரே அவள் நின்றாள். இரண்டு குடும்பமும் பேசிச் சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாரும் இங்கே பாருங்கள் என்று அவள் குரல் கொடுத்ததும் மேடையே திரும்பிப் பார்த்தது. ஓரத்தில் விளக்கைப் பிடித்திருந்த கணவன் ஆர்வத்தில் ஓர் அடி முன்னால் வந்துவிட்டான்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க."

அவன் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றான். அவள் அழுத்தினாள்.