லுஹர் பாங்கு வரை

பிரியாணிச் சட்டியின் மூடிமேல் கிடந்த இரண்டு கண்ணாடித் தகடுகளையும் துணி போட்டுத் தூக்கிக்கொண்டு, அடுப்படியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள் நர்கீஸ். தகடுகளுக்கு நடுவே பழைய ரேடியோ ஒன்றின் பிளாஸ்டிக் முகப்பு. பழுது பார்க்கக் கொடுத்த நத்தத்து ஹாமித் அதை வெயிலில் காருக்குள்ளேயே விட்டுவிட, அப்பளம் மாதிரி நெளிந்துபோயிருந்தது.

"படிஞ்சிருச்சுங்க. நனைஞ்ச தோலாட்டம் இளகிப் படிஞ்சிருச்சு." சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கட்டிலில் கிடந்த அவள் புருஷன் தப்ரேஸ் தலையைத் தூக்கப் பார்த்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து, நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மனுஷனோ வந்ததும் வராததுமாகக் கேட்டது இந்த முகப்பைத்தான். இது நேராவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். ஏற்கெனவே மூன்று தடவை வெந்நீரில் போட்டு நிமிர்த்தியவர்தான். மூன்று தடவையும் சூடு ஆறுமுன்னே எடுத்துப் பார்த்தார், அதுவும் பழையபடி நெளிந்துகொண்டது. முப்பது வருஷமாக ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவருக்குப் பொறுமை மட்டும் பூஜ்யம்.

"தம்முச் சூட்டுக்கு நிமிராதுன்னீங்களே. இப்ப என்ன சொல்றீங்க?"

"ஒத்துக்கிறேன் புள்ள. நீதான் கெட்டிக்காரி."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் வராத பாராட்டு. நர்கீசுக்குத் தலைகால் புரியவில்லை. தகடுகளைக் கட்டிலோரம் தரையில் வைத்து, ஐந்து கிலோ படிக்கல்லை மேலே ஏற்றினாள்.

"எடுத்துக் காட்டேன்."

"பள்ளிவாசல்ல மத்தியான லுஹர் பாங்கு சொல்லட்டும். அம்புட்டு நேரம் ஆறணும்."

"ஒரே ஒரு தடவை."

"செத்த நேரம் பொறுக்க மாட்டீகளா? இந்தத் தடவை உங்க பேச்சைக் கேக்குறதா இல்ல."

அவர் சிரித்தார். செம்பட்டிக்குப் போகவேண்டிய ஆர்டர் பிரியாணியை இறக்கி வைத்துவிட்டு அவள் திரும்பியபோது, அவர் தலை கட்டிலோரம் சாய்ந்திருந்தது. கண் படிக்கல்லையே பார்த்தபடி நின்றுவிட்டது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

கல்லைத் தள்ளினாள். மேல்தகட்டை எடுத்துவிட்டு முகப்பை அவர் கண்ணெதிரே பிடித்தாள்.

"இந்தா பாருங்க. நேரா இருக்கு. அப்பவே காட்டாமப் போயிட்டேனே பாவி."

நேராகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஓரம் மெல்ல எழும்பியது. நர்கீஸ் பதறிப்போய் அதைத் தகடுகளுக்கு நடுவே வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மரியசெல்வி ஓடிவந்தாள். ஒரு பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. குனிந்து நர்கீசின் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்கக்கா. அண்ணன் கண்ண மூடணும்ல."

"நீயே மூடிவிடு செல்வி. என்னால கையை எடுக்க முடியாது."

பாங்குக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.